பதுருன்னிசா அக்காவின் கஃபன் துணி

எங்கள் செங்காங் அடுக்குமாடி ப்ளாக்கில் யாருக்காவது கஷ்டம் என்றால் பதுருன்னிசா அக்காவின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கீழ்மாடியில் ஒருவனுக்கு வேலை போய்விட்டது என்று காதில் விழுந்தால் போதும், அன்று மத்தியானமே இவர் வீட்டுச் சோறு அங்கே போய்விடும். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் கிடந்து வருகிற உடம்பு. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். கொடுக்கப் போகும்போது மட்டும் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்.

"இதுவும் ஒரு வியாதிதான்க்கா" என்பேன்.

"கிட்னிக்கு இது தேவலாம் லா" என்பார்.

யாருக்கும் தராமல் தனக்கென்று அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கி, மக்காவின் புனித ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த வெள்ளைத் துணி. தன்னை அடக்கம் செய்யும்போது சுற்றுவதற்கான கஃபன். இறந்த பெண்களைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலில் கூப்பிட்டால் போய் வருகிறவர், சாவு அவருக்குப் புதிதல்ல. இருந்தும் டயாலிசிஸ் முடிந்து துவண்டு வருகிற நாளில் அலமாரியைத் திறந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். "இது இருக்கு, பயமில்ல" என்பார். நான் அலமாரியைச் சாத்திவிடுவேன்.

மேல்மாடியில் வீட்டு வேலை செய்த கதீஜா நாகூர்ப் பக்கத்துக்காரி. நெடுநெடுவென்ற உயரம். கல்லீரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோதே முற்றிப் போயிருந்தது. ஊருக்கு அனுப்ப விமானத்தில் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வேலை பார்த்த வீட்டு மேடம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டாள், வந்து உட்காரத்தான் அவளுக்கு நேரமில்லை. நானும் அக்காவும் போய்வந்தோம்.

"ராத்தா, மக்காவுக்குப் போயி எனக்கு ஒரு கஃபன் எடுத்துட்டு வரணும்னு ஆசப்பட்டேன்" என்றாள் கதீஜா ஒரு நாள் அக்காவிடம். "இப்ப ஊர் பேர் தெரியாத இடத்துல, ஏதோ கடைத் துணியில சுத்தி வைக்கப் போறாங்க." அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அக்காவின் பையில் அந்தத் துணி. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். நீங்க இருக்கிற லட்சணத்துக்கு இன்னொரு தடவ மக்கா போவீங்களா?"

"முடியாது."

"அப்புறம்?"

"மிஞ்சினதக் குடுத்தா அது தானமா, அனிதா? வீட்ட ஒழிக்கிறது."

உயிரோடு இருக்கிறவளுக்குக் கஃபனைக் காட்டலாமா என்று வழியெல்லாம் பதறினேன். அக்கா அதைக் கதீஜாவின் மடியில் வைத்தார். அவள் முகர்ந்து பார்த்தாள். கன்னத்தோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மகளுக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்தவள்போல அக்கா பூரித்துப்போய் நின்றார். அந்தப் பூரிப்பைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வாரமே கதீஜா மவுத்தாகிவிட்டாள். கேலாங் பக்கம் ஒரு பள்ளிவாசலில் அக்காவும் மற்றப் பெண்களும் குளிப்பாட்டினார்கள். அறைக்கு வெளியே நான் ஃபோனோடு நின்றேன். ஊரிலிருந்து அவள் மகள் யும்னா பேசிக்கொண்டிருந்தாள். அக்கா கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் அனிதா. துணி எட்டல."

தன் அளவுக்கு வெட்டி வைத்த துணி அது. அக்கா என் தோள் உயரம்கூட இல்லை. நோய் கதீஜாவை எலும்பாக்கியதே தவிர, உயரத்தைத் தொடவில்லை. தலையை மூடினால் கால் வெளியே நிற்கிறதாம். பள்ளிவாசல் துணியில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளே யாரோ சொன்னார்கள்.

"கடைத் துணி வேணாம்னுதானே அவ கேட்டா" என்றார் அக்கா.

ஃபோனில் எல்லாம் யும்னாவுக்குக் கேட்டுவிட்டது. "ஆன்ட்டி, உம்மா கால மூடச் சொல்லுங்க. கால் மூடலேன்னா உம்மாவுக்குத் தூக்கம் வராது."

அக்கா தலையில் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவினார். ஹஜ்ஜுக்குப் போட்டுக்கொண்டு போனது, கஃபனோடு சேர்த்து அதே தண்ணீரில் நனைத்தது. மக்காவிலிருந்து வந்ததில் அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "அதையாவது வச்சுக்கங்கக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் தலைமுடியை அன்றுதான் பார்த்தேன். முழுக்க நரைத்து, நார் நாராக இருந்தது.

என் பூப்போட்ட ஷாலைக் கதவிடுக்கில் நீட்டினேன். எல்லாம் முடிந்து அதைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். முகம் பெருநாள் காலை மாதிரி இருந்தது. ஃபோனை வாங்கி, "மூடியாச்சு புள்ள, நல்லா மூடியாச்சு" என்றார்.

யும்னா விசும்பினாள். "உங்க பேரு என்ன பெரியம்மா? தொழுகையில உங்களுக்காக துஆ கேக்கணும்."

"என் பேரு எதுக்குடி. என் துணியக் கட்டிக்கிட்டுத்தான் உன் உம்மா போறா. அங்க யார் குடுத்ததுன்னு கேட்டா அவளே சொல்லுவா."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.