திறக்காதே அக்கா

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருடமாக அவர்தான் தலைமை நர்ஸ். நாங்கள் வைத்த பெயர் ‘திறக்காதே அக்கா’. கிருமி நீக்கிய பாக்கெட்டை யாராவது பிரிக்கப் போனால் போதும், “இது இப்பவே வேணுமா?” என்று குரல் வந்துவிடும். பிரித்த பிறகு, தொடாவிட்டாலும் அது குப்பைதானே. வீட்டிலும் இதே கதைதான். “பிஸ்கட் பாக்கெட் பிரிக்கக்கூட அனுமதி வாங்கணும்” என்று அவர் கணவர் என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

வாரம் ஒரு மணி நேரம் நர்சிங் மாணவிகளுக்கு அக்கா வகுப்பு எடுப்பார். ஒரே ஆபரேஷனில் தொடாமலே வீணான சாமான்களை மேஜையில் கொட்டி எண்ணச் சொல்வார். கடைசியாக எண்ணியபோது பதினேழு. அந்த ஒரு மணி நேரத்தை விட மனமில்லாமல் பதவி உயர்வையே இரண்டு முறை வேண்டாம் என்றவர்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார்கள். நிர்வாகம் ‘பசுமை மருத்துவத் தலைமைக் கல்வி’ என்று ஒன்றைத் தொடங்கியது. தலைவர் எங்கள் பெரிய சர்ஜன். கேட்கும் முன்பே எல்லாப் பாக்கெட்டும் பிரிந்திருக்க வேண்டும் அவருக்கு. தலைமையைப் பற்றி ஒரு நர்ஸ் எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லி அக்காவின் பாடவேளையையும் அவருக்கே கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொடக்க விழாவில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பாட்டில், மேடையில் பிளாஸ்டிக் செடிகள். ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோலைத்தான் மறந்துவிட்டார்கள். சர்ஜன் கொஞ்சமும் யோசிக்காமல், “தியேட்டர்லேர்ந்து ஒரு செட் கொண்டுவந்து பிரிங்க” என்றார். ஒரு ரிப்பனுக்காக இருபது கருவிகளும் கிருமி நீங்க மறுபடி ஆவியில் வேக வேண்டும். பொட்டலத்தைக் கொண்டுவந்த முதல் வருட மாணவி பிரிக்காமல் நின்றாள்.

“சார், இது இப்பவே வேணுமா?” என்றாள்.

அவளே போய் ரிப்பன் முடிச்சை விரலால் அவிழ்த்தாள். “யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று சர்ஜன் கேட்க, நாற்பது மாணவிகளும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

மறுநாள் கை கழுவும் இடத்துக்குச் சர்ஜன் தயங்கித் தயங்கி வந்தார். “சிஸ்டர், திங்கக்கிழமை என் முதல் கிளாஸ். என்ன பேசணும்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர்றீங்களா?”

அக்கா குழாயை மூடினார்.

“பேப்பர் எதுக்கு சார் வீணா? கிளாஸை நான் எடுத்துக்கறேன். நீங்களும் வாங்க, கடைசி பெஞ்சுல இடம் இருக்கு.”