படப்பைக் கீரைத் தோட்டத்திலிருந்து மறைமலை நகர் பரீட்சைக்கு

இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கிய அன்று முப்பத்து மூன்று கிலோமீட்டர் பயணம் செய்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன் நான். போன வருடம்தான் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றேன். யாரையும் கேட்காமல் பஸ் பலகையைப் படித்து ஏறும் சுகம் இருக்கிறதே! மெதுவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டீச்சர், ஊர் விட்டு ஊர் போய் வயல்வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்க உதவுகிறவர். மஞ்சுளாவைப் பரீட்சைக்குக் கூட்டிப்போக ஆள் கேட்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம். பொங்கல் வரை மறைமலை நகர் பக்கம் வேலை பார்த்தார்கள். அவள் பள்ளி அங்கே, அதனால் பரீட்சையும் அங்கேதான். இப்போது படப்பையில் கீரை அறுக்கிறார்கள்.

காலை 7.30க்குத் தோட்டத்தில் இருந்தேன். மஞ்சுளா தயாராக நின்றாள், இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியோடு. அவனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்துக் குடிசைப் பெண், சாவு விழுந்ததென்று ஊருக்குப் போய்விட்டாளாம்.

“ஒம்பது மணி வண்டிக்குக் கீரை ஏத்தணும். இவன யாரு பாக்குறது? அடுத்த தபா எழுதட்டும் தாத்தா,” என்றாள் அம்மா அஞ்சலை.

அடுத்த தடவைக்குள் இவர்கள் எந்த ஊர் வயலில் இருப்பார்களோ.

“குழந்தைய நான் வச்சுக்கறேன்,” என்றேன்.

“மூணு மணி நேரமா? ஒங்ககிட்ட நிப்பானா?”

எனக்கும் தெரியாது. கிளம்பிவிட்டோம்.

8.10க்கு பஸ். எனக்குப் பதினைந்து ரூபாய், மஞ்சுளாவுக்கு இலவசம். முடிச்சூரில் நெரிசல், பதினான்கு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். நாங்கள் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் இறங்கும்போது செங்கல்பட்டு ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்தது 9.18. இருவருக்கும் சேர்த்துப் பத்து ரூபாய். வண்டலூர், ஊரப்பாக்கம், பொத்தேரி என்று ஒவ்வொரு பலகையையும் மனதுக்குள் படித்தேன். படித்தால் ரயில் வேகமாகவா போகும்?

9.46க்கு மறைமலை நகர். பள்ளி ஒரு கிலோமீட்டர். பரீட்சை நடக்கும் பள்ளி என்றதும் ஆட்டோக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா பெர்சு, மூணு பேருமா எய்தப் போறீங்க?”

“பத்து மணிக்கு கேட்டு மூடிடுவாங்கப்பா!”

“அத மொதல்ல சொல்லு. குந்து!” நாற்பது ரூபாய். நான்கே நிமிடம்.

உள்ளே அறை எண்கள் ஒட்டிய பலகைகள் இரண்டு. ஒன்றில் அவள் தேடினாள்; மற்றதில் நான் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக இறங்கினேன். அவள் எண் என் பலகையில்தான் இருந்தது. அறை ஏழு. தம்பியின் விரல்களைத் தன் சீருடையிலிருந்து பிரித்து அவனை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் வெளியே வந்ததும் கேட்டை மூடினார்கள்.

அவன் வீறிட்டான். காவலுக்கு நின்ற பெண் போலீஸ், “ஐயா, உள்ள கேக்குது, தள்ளிப் போங்க,” என்றார். தெருக்கோடி வரை நடந்தேன். டீக்கடை அக்கா பிஸ்கட் கொடுத்தார். ஐந்து நிமிடம் அமைதி, மறுபடி அழுகை. மஞ்சுளா காதில் விழுந்து எழுந்து வந்துவிடுவாளோ என்று கேட்டையே பார்த்தபடி நடந்தேன்.

1.15க்கு வந்தாள். “அழுதானா?”

“இல்லம்மா.”

“பொய். மனப்பாடப் பாட்டு எழுதறப்போ கேட்டுச்சு.” தம்பியை வாங்கிக்கொண்டாள்.

“எழுந்து வரலையே?”

“எழுதி முடிச்சேன் தாத்தா. எல்லாத்தையும்.”

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: படப்பையிலிருந்து ஏழு மணிக்கே கிளம்புங்கள். ஹால் டிக்கெட்டை முந்தின நாளே கண்ணால் பார்த்துவிடுங்கள். பால் புட்டியும் மாற்றுத் துணியும் கட்டாயம். நான் கொண்டுபோகவில்லை, என் வேட்டி நனைந்தது.

இன்னும் நான்கு பரீட்சை இருக்கிறது. ஊருக்குப் போன பெண் திரும்பவில்லை. எனக்குத் துணையாக ஒருவர் வந்தால் நல்லது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கத் தெரிந்தால் போதும்.