கட்டாருக்குப் போன செருப்பு இறால்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும், சாப்பிட உட்காருமுன் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பாய் காலி. பாயைப் புரட்டி அடியிலும் தேடினேன்.

எதற்கு இந்தப் பதற்றம்? சொல்கிறேன்.

எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு பைத்தியம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் தூண்டில் வீசுவதற்கு வேண்டிய லூரை – மீனை ஏமாற்றும் பொய் இரையை – வீட்டிலேயே செய்கிறேன். தேய்ந்த றப்பர் செருப்பை இறால் வடிவில் வெட்டி, வயிற்றைக் கீறி, தூண்டில் முள்ளை உள்ளே வைத்து ஒட்டினால் உடம்பு தயார். மீசைக்கு, வீடு கூட்டும் தும்புத்தடியின் நார். கண்ணுக்கு மனைவியின் பழைய அபாயாவில் இருந்து கழன்ற கறுப்பு மணி. நிறத்துக்கு, தொழுகைக்குமுன் செய்யும் வுழூவுக்குச் சரிவராது என்று அலுமாரியில் ஒதுங்கிக் கிடந்த கியூடெக்ஸ் நகப்பூச்சு.

முதலில் செய்ததை, காயவைத்த இடத்திலேயே காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மனைவிக்குச் சிரிப்பு. எனக்கோ தலைகால் தெரியாத பெருமை... காகமே நம்பிவிட்டதே!

அடுத்த முறை மூன்று செய்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி, கட்டாரில் இருக்கும் மகளுக்கென்று கோமாரி ஊர் இறாலை உப்புப் போட்டு அவித்து, மாடியில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தாள். காகத்துக்குப் பயந்து மேலே பழைய வலை. எனக்கும் அதே காகப் பயம்தானே? வலையைத் தூக்கி, பாயின் ஓரமாக என் மூன்றையும் வைத்துவிட்டு வந்தேன். காற்று அடித்ததோ, அவள் இறாலைக் கிளறிவிட்டாளோ... ஓரத்தில் வைத்தது ஓரத்தில் இருக்கவில்லை.

இப்போது பாய் காலி. சுவரோரம் இரண்டு லூர் கிடந்தன. மூன்றாவது?

கீழே ஓடிவந்து மனைவியிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு றிஸ்வான் லீவு முடிந்து முந்தின நாள் கட்டாருக்குத் திரும்பினான் அல்லவா, அவனிடம் இறால் பொதியைக் கொடுத்துவிட்டாளாம். நம் ஊரில் ஒருவர் வெளிநாடு போனால், பெட்டியில் அவர் உடுப்புக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, ஊராரின் பொதிக்கு இடம் இருக்கும். பொதி கட்டும்போது வித்தியாசமாக ஏதும் கண்ணில் படவில்லையா என்றேன்.

"சுளகால அள்ளக்குள்ள ஒண்டு மட்டும் நல்ல வடிவா இருந்திச்சு," என்றாள். "அது நம்மட புள்ளைக்குக் கிடைக்கட்டும் எண்டு நினைச்சன்."

மகளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சோற்றில் இறால் இருந்தால் முதலில் அதைத்தான் பொறுக்கித் தின்பாள். அந்தப் பிஞ்சுத் தொண்டையில் தூண்டில் முள்... மேலே நினைக்கவே முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மனைவி ஏசவில்லை. "போன எடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மகள் எடுக்கவில்லை. மருமகனின் போன் அணைந்திருந்தது. றிஸ்வானைப் பிடித்தேன். காலையிலேயே பொதியைக் கொடுத்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னான். பொதி கிடைத்த அன்றே சட்டியில் போடுகிறவள் என் மகள். இறாலைத் தொடாதே, தொடாதே என்று குரல்பதிவுக்கு மேல் குரல்பதிவாக அனுப்பினேன். ஒன்றையும் அவள் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கே எங்கள் சோறு ஆறிப்போனது. மனைவி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிய, மகளே வீடியோவில் எடுத்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குசினியில் நின்றாளாம்.

"வாப்பா, சமைக்க எண்டு இறால ஊறப்போட்டன். எல்லாம் ஊறி அடியில கிடக்கு, ஒண்டு மட்டும் மிதந்துக்கிட்டே இருக்கு. என்னடா இது எண்டு எடுத்துப் பாத்தா முள்ளு."

அல்ஹம்துலில்லாஹ்!

அந்த லூருக்கு ஈயத்துண்டு வைத்துக் கனமாக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். நாளைக்குச் செய்யலாம் என்று பஞ்சியில் விட்டுவிட்டேன். வைத்திருந்தால் அதுவும் மற்ற இறாலோடு அடியில் கிடந்திருக்கும். என் பஞ்சிக்கு வாழ்நாளில் முதல் தடவையாக நன்றி சொன்னேன். மனைவி அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியதும்தான் பசியே தெரிந்தது.

ஏமாற்றுவதற்கென்றே ஒன்றைச் செய்கிறோம். சரி... அது யாரை ஏமாற்றும் என்பது நம் கையிலா இருக்கிறது? இனி என் லூர்கள் காய்வது அலுமாரிக்கு மேலேதான். வீட்டுச் சட்டம் அன்றைக்கே நிறைவேறிவிட்டது.

மகள் அந்தச் செருப்பு இறாலை உள்ளங்கையில் வைத்துக் கமராவுக்குக் காட்டினாள். ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அது. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தேன்.

"அவ்வளவு நேரம் தண்ணியில கிடந்தும் வால்ல சாயம் போகல்ல, என்ன மகள்?" என்றேன்.

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.