வலப்பக்கத்து முடி

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் சலூன் அது. கல்லா அக்காவிடம், கத்திரி தங்கையிடம். தங்கைக்குக் கத்திரியை எடுத்தால் பசிகூடத் தெரியாது. ஆனால் என்னத்தைச் சொல்ல, அவள் வெட்டிய எந்தத் தலையிலும் வலக் காதுக்கு மேல் முடி கொஞ்சம் நீளமாகவே நிற்கும்.

காரணம் அவளுடைய வலக் கன்னம். இமையிலிருந்து தாடைவரை வெண்புள்ளி பரவியிருந்தது. "இது ஒட்டிக்குமா?" என்று ஒருத்தி எப்போதோ கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து தங்கை யாருடைய இடப்பக்கத்தையும் விட்டு நகர்வதில்லை. அங்கே நின்றால் கண்ணாடியில் அவளுடைய இடக் கன்னம்தான் தெரியும். வலப்பக்கம் வெட்ட வேண்டுமா, "தலையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்பாள். திருப்பிய தலையில் வெட்டினால் கோணாமல் என்ன செய்யும்?

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னொரு தலை கோணுச்சுன்னா கத்திரியக் கீழ வச்சிடு. துண்டு துவைச்சாப் போதும்."

அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். மறுநாள் கல்யாணம். இடப்பக்கம் ஜோராக முடிந்தது.

"தலையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

"முடியாதுங்க, கழுத்துச் சுளுக்கு. நாளைக்குப் பொண்ணையே எப்படித் திரும்பிப் பார்க்கப் போறேனோ!"

கல்லாவிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். போச்சுடா! தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றாள். கண்ணாடியில் கன்னம் பளிச்சென்று தெரிந்தது. ஒட்டிக்குமா என்று இதோ கேட்கப் போகிறான்.

அவன் வாயைத் திறந்தான்.

"ஏங்க, உச்சியில இந்தச் சொட்டை ரொம்பத் தெரியுதா? நாளைக்கு எல்லாரும் இதைத்தான் பார்ப்பாங்களோ?"

அடப்பாவி மனுஷா! வந்ததிலிருந்து அவன் தன் சொட்டையைத் தவிர வேறு எதையும் பார்க்கவேயில்லை. தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியுதுங்க. தெரிஞ்சா என்ன? பொண்ணு பார்த்துட்டுத்தானே சரின்னாங்க?"

அப்போதுதான் அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் ஒளியவில்லை.

"அதுவும் சரிதாங்க" என்று சிரித்தவன், "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, கழுத்து உயிர் போகுது!" என்று அலறினான்.

அவன் போகுமுன் அக்கா வந்து இரண்டு காதுக்கு மேலும் சீப்பை வைத்துப் பார்த்தாள். மயிரிழைகூட வித்தியாசமில்லை.

அவன் போனதும், "கல்யாணத்துக்குக் கூப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு பேரையும்தான்."

அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார். தங்கை நேராக அவருடைய வலப்பக்கம் போய் நின்றாள்.