குழுவில் நான் போட்ட போட்டோ

முடிச்சூரில் எங்கள் காலனியில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது, ஆள் பற்றாக்குறை சார், நீங்களே கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பார்த்துக்கொண்டோம். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தலைமையில் பதினைந்து பேர், ஆளுக்கொரு உருட்டுக்கட்டை, ஒரு வாட்ஸ்அப் குழு. பள்ளியில் குடிமையியல் நடத்துகிற நானும் சேர்ந்தேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தோளில் பையோடு ஒருவர் ஒவ்வொரு கேட்டாக நின்று எட்டிப் பார்த்தபடி வந்தார். எங்கள் தெருவில் பழைய எண், புது எண், மனை எண் என்று ஒரு வீட்டுக்கு மூன்று எண்கள், தபால்காரரே தடுமாறுவார். அது எனக்கு உறைக்கவில்லை. அவருடைய தொப்பியும் தாடியும்தான் உறுத்தின, மறைப்பானேன். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். கேள்விதானே கேட்டேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

குளித்துவிட்டு வந்தால் தெருமுனையில் கூச்சல். மனைவி போனும் கையுமாக நின்றாள்.

"ஏசி மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். தெருவுக்குள்ள வந்துட்டேன்னாரு. இப்ப போனே எடுக்க மாட்டேங்கறாரு."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

மின்கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். நெற்றி பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்கியது. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட ரவுடி இல்லை. பால் வாங்கப் போகும்போது எனக்குத் தினமும் வணக்கம் சொல்கிறவர்கள். அவருடைய பையைத் தரையில் கொட்டியிருந்தார்கள். ஸ்பேனரைக் காட்டி, ஆயுதம் பாருங்கள் சார் என்றார் ஒருவர். சொன்னவர் கையில் கட்டை இருந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். போட்டோ போட்டது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. புகார் கொடுங்கள், நானே சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"வேணாம் சார். கை சரியானா, இதே ஏரியாவுலதான் நான் வேலைக்கு வந்தாவணும்."

இன்னும் இரண்டு முறை வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உணர்ந்தபோதுதான் நான் நிஜமாகவே திடுக்கிட்டேன்.