கவுண்டரைப் பார்த்த திரை

இனி வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று பாய் சொன்னபோது, என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவருக்குத்தான் வலி எடுத்திருக்கும்.

பாய் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பேப்பரில் வரும் நினைவஞ்சலி. வாசகம் எழுதுவது நான். அதனால் அங்கே எனக்கு வாத்தியார் என்று பெயர். செங்காங் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தால் கடைக் கணினி அதற்குள் வந்துவிடும். பழைய கோப்புகளெல்லாம் அதில்தான். நான் இங்கே தட்டினால் எழுத்து அங்கே விழும்.

விழும், சாவகாசமாக. ஒரு வரி தட்டிவிட்டு எழுந்துபோய்க் காப்பி கலந்துகொண்டு வந்தால், அப்போதுதான் கடைசிச் சொல் வந்து சேர்ந்துகொண்டிருக்கும்.

வேகத்தைக் கூட்ட என்ன வழி என்று இணையத்தில் தேடினேன். பின்னணிப் படத்தை எடு என்றார்கள், எடுத்தேன். வண்ணங்களைக் குறை, குறைத்தேன். வைஃபையை விட்டுக் கேபிளில் செருகு. கூடத்தின் குறுக்கே கேபிள் ஓடியது, மனைவி தடுக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோப்பில் இருக்கும் புகைப்படங்களைக் காட்டாதே. முகங்கள் இருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்கள் ஆயின. கடைசியாக ஒன்று. நான் இங்கிருந்து வேலை செய்யும்போது கடையில் இருக்கும் திரையை இருட்டாக்கி வைக்கும் வசதி, அதுவும் வேகத்தைத் தின்கிறதாம். அணைத்தேன். கணினி பறந்தது. உடம்பிலும் இப்படி நாலு விஷயத்தை அணைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு உற்சாகம்.

ஒன்றை மறந்துவிட்டேன். கடையில் அந்தத் திரை கவுண்டரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வருகிறவர்கள் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்க்கட்டும் என்று அப்படித் திருப்பி வைத்தவனே நான்தான்.

ஒரு நாள் காலையில் பாயிடமிருந்து செய்தி. ஓர் அப்பாவுக்கு ஓராண்டு நினைவஞ்சலி. நாளைக்குப் பேப்பரில் வரவேண்டும், மத்தியானத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மகள் கடையிலேயே காத்திருக்கிறார்.

என் புதிய வேகத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது? பழைய நினைவஞ்சலிகள் இருக்கும் கோப்புறையில் அளவு சரியாக இருந்த ஒன்றைத் திறந்தேன். ஓர் அம்மாவுக்கு எழுதியது. மேலே சாம்பல் கட்டம். பெயரை அழித்து, பாய் அனுப்பிய பெயரைப் போட்டேன். பிறகு ஒரே கட்டளையில் ‘அம்மா’ என்று வந்த இடமெல்லாம் ‘அப்பா’ ஆக்கினேன். கீழே பிள்ளைகள் பெயர் இருக்கும் பகுதிக்கு இறங்குவதற்குள் போன் அடித்தது.

“வாத்தியாரே, கீபோர்டை விட்டுக் கையை எடுங்க.”

“ஏன் பாய்?”

“எடுங்க லா. இவங்க பேசணுமாம்.”

அடுத்து ஒரு பெண் குரல். கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“அங்கிள், நீங்க திறந்தது எங்கம்மாவோடது.”

அப்போதுதான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

“அம்மா பேரு அழிஞ்சப்ப, சரி, அளவு பாக்குறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் எல்லா அம்மாவும் ஒரே நேரத்துல அப்பாவாயிட்டாங்க. ரொம்ப ஃபாஸ்ட்.” பிறகு வாசித்துக் காட்டினார். “‘அப்பா, உங்கள் கைச்சோறு உண்ட நாவு வேறு ருசி அறியாது’ன்னு வந்திருக்கு. அப்பா மேகி கூடப் போட்டதில்ல அங்கிள்.”

அந்தச் சோற்று வரி எனக்கு நன்றாக நினைவிருந்தது. எழுதிய அன்று நாலு பேரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன். யாருடைய அம்மாவுக்கு என்பதுதான் நினைவில்லை.

“சேவ் பண்ணிட்டீங்களா?”

“இல்லம்மா. இனி எதையும் தொட மாட்டேன். நான் நேர்ல வர்றேன்.”

செங்காங்கிலிருந்து ரயிலில் ஒரே தடம், மாற வேண்டியதில்லை. முழங்கால் வலிக்கவில்லை என்பதை லிட்டில் இந்தியாவில் படி ஏறி முடித்த பிறகுதான் கவனித்தேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

அவர் கவுண்டரில் திரைக்கு எதிரே நாற்காலியில் இருந்தார், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றேன். அப்பாக்கள் அம்மாக்கள் ஆனார்கள். பெயர் திரும்பி வந்தது. கடைத் திரையில் சாம்பல் கட்டம் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்ட அந்த அம்மா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல ஆசை. சத்தியம் செய்ய மாட்டேன்.

கோப்பை மூடிவிட்டு வெள்ளைத் திரையைத் திறந்தேன். “அப்பா எப்படிம்மா?” இதைக் கேட்காமலேயே எத்தனை அப்பாக்களை அனுப்பி வைத்திருப்பேன்.

“செம்பவாங் டாக்யார்டுல வெல்டர். காது மந்தம். டிவி அலறும். குறைங்கப்பான்னு தினமும் சண்டை.” பிறகு, “இப்ப ரிமோட் என் கையில இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கற அளவுக்கு நானே கூட்டி வைக்கிறேன்.”

அதையே எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சொல்லாக, பழைய இணைப்பைவிட மெதுவாக. இரண்டு இடத்தில் அவர் திருத்தினார். மத்தியானத்துக்குள் பேப்பருக்குப் போய்விட்டது.

அவர் போன பிறகு பாய் சொன்னார்: “திரையை இருட்டாக்குற அந்தப் பட்டனை மறுபடியும் போட்டுடுங்க வாத்தியாரே. மானம் போகுது.”

வீட்டுக்கு வந்து புகைப்படங்களைத் திரும்பக் கொண்டுவந்தேன், கேபிளைச் சுருட்டி வைத்தேன். அந்தப் பட்டனை மட்டும் போடவில்லை. வேகத்துக்காக என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன்.