ஆறு சிப்பம் சீரகச் சம்பா

என் மகளின் நிக்காஹ் விருந்துக்கு அரிசி எங்கே வாங்குவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. எங்கள் சம்பந்திக்கு, அதாவது மாப்பிள்ளையின் அத்தாவுக்கு, ஒரு தம்பி இருக்கிறார். அவர்கள் ஊரான தஞ்சாவூரிலேயே அரிசிக் கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளை அவரைச் சாச்சா என்று கூப்பிடுவதால் எங்கள் வீட்டிலும் அவர் சாச்சாவாகிவிட்டார். நிச்சயம் முடிந்து தேநீர் குடிக்கும்போதே அவர் என் கணவரிடம், "அரிசி நம்ம கடையிலேர்ந்துதான் வரும் மச்சான். வேற எங்கயும் அலையாதீங்க" என்றார். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் கணவர் உட்கார்ந்த இடத்திலேயே சரி சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே நெருடியது.

கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். பொருள் விற்பனைச் சட்டம் ஆண்டுதோறும் என் பங்குக்கு வரும் பாடம். விற்பவரும் வாங்குபவரும் அன்னியராக இருப்பார்கள் என்று எண்ணியே அந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சம்பந்தி வீட்டில் சரக்கு வாங்குவதற்கு அதில் தனிப் பிரிவு எதுவும் இல்லை.

சில நாள் கழித்துச் சாச்சா ஒரு பொட்டலத்தில் மாதிரி கொண்டுவந்தார். ஓராண்டு பழைய சீரகச் சம்பா. லேசான மஞ்சள் ஓடிய, சின்னஞ்சிறு மணி. அதில் பாதியை எடுத்து வடித்துப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. வாசனை கூடம் வரைக்கும் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதிப் பாதியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி அலமாரியில் வைத்தேன்.

என் கணவர் பார்த்துவிட்டார். "இது எதுக்கு?"

"மூட்டை வந்ததும் ஒத்துப் பாக்க."

"சம்பந்தி வீட்டு அரிசியவா? மாப்பிள்ள கையெழுத்தயும் ஒத்துப் பாத்துடேன், ஒரு வேலையா முடிஞ்சுடும்."

புட்டியின் மூடியை இன்னொரு முறை இறுக்கினேன். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரியைப் போல இருக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது சட்டம். அரிசிக் கடைகளில் அந்த வாய்ப்புக்குக் குத்தூசி என்று பெயர். மூட்டை வயிற்றில் குத்தினால் உள்ளிருக்கும் அரிசி அதன் குழல் வழியாகக் கைக்கு வரும். அன்னியர் கடையில் யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. மாப்பிள்ளையின் சாச்சா கொண்டுவந்து இறக்கும் மூட்டையில் குத்தினால், அது அவர் முகத்தில் குத்தியதாகத்தான் ஆகும். என் மகள் அந்தக் குடும்பத்துக்குள் போகிறவள்.

குத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். புது அரிசியைப் பிரியாணித் தம்மில் போட்டால் குழைந்துவிடும். விருந்து பெண் வீட்டுப் பொறுப்பு. பெண் வீட்டில் களி போட்டார்கள் என்று இரண்டு ஊர்ச் சனமும் பேசும். அரிசி யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பேச்சோடுதான் என் மகள் அங்கே வாழ வேண்டும். நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது சட்டம். தேக்சாவில் குழைந்துபோன பிரியாணிக்கு என்ன ஈடு கேட்பது?

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வேனில் ஆறு சிப்பம் வந்தது. சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ பை. இறக்கும்போது நான் வாசலில் நின்றேன். நான்கு சிப்பங்களின் வாயில் வெள்ளை நூல் தையல். கடைசியாக இறங்கிய இரண்டிலும் சிவப்பு நூல். கடைசியாக இறங்கியது என்றால் ஏற்றும்போது முதலில் ஏற்றியது, அடியில் கிடந்தது. நூல் தீர்ந்து வேறு நூல் மாட்டியிருக்கலாம். வேறு ஆலையில் தைத்ததாகவும் இருக்கலாம். அன்று பாத்திரம் துலக்கும்போதும் அந்தச் சிவப்பு நூல்தான் என் கண்ணில் நின்றது.

ஒரு வழி தோன்றியது. கல்யாண அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கத் தெருப் பெண்கள் கூடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது கல் நீக்கிய அரிசியே வருவதால் பலர் அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை என்று சொல்லி மறுநாள் காலை எல்லோரையும் வரச் சொன்னேன். புடைப்பதற்குச் சிப்பத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதில் யாருக்கும் வருத்தம் வர நியாயமில்லை.

அந்தக் காலையில் சாச்சாவின் மனைவி, சாச்சி, கல்யாணச் சேலையைக் காட்டத் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேலையை உள்ளே கொடுத்துவிட்டு அவரும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆறு பாய் விரித்து, ஒவ்வொரு சிப்பத்தையும் தனித்தனிப் பாயில் கொட்டச் சொன்னேன்.

எதிர் வீட்டு லாத்தா முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஏம்மா டீச்சர், ஒரே அரிசிக்கு ஆறு பாயா? பரீட்சை ஹால் மாதிரி தள்ளித் தள்ளி உக்கார வச்சிருக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாச்சி சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு பாய்களைப் பார்த்தார்.

சிவப்பு நூல் பிரித்த இரண்டு பாய்களிலும் அரிசி வெளுப்பாக இருந்தது. ஒரு மணியைக் கடித்தேன். பழைய அரிசி பல்லில் நறுக்கென்று உடையும். இது மாவாக மசிந்தது. மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தபடி தலை நிமிர்ந்தபோது சாச்சியின் வாயிலும் ஒரு மணி இருந்தது. அவர் மெதுவாக மென்றார். மகளின் மாமியார் வீட்டுப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுப்புக்கு இடம் பார்க்க வந்திருந்த பிரியாணி மாஸ்டர் அந்த வழியாக வந்தார். அந்த இரண்டு பாயிலிருந்தும் ஒவ்வொரு கை அள்ளித் தேய்த்துப் பார்த்தவர், யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலேயே, "இந்த ரெண்டையும் யார் குடுத்தா? இதப் போட்டா தம் போட வேணாம். முந்திரி வறுத்துக் கொட்டிப் பொங்கல்னு சொல்லிடலாம்" என்றார்.

கூடத்தில் முறம் தட்டும் சத்தம் நின்றது.

சாச்சி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நாங்கதான் குடுத்தோம்" என்றார். பிறகு போனை எடுத்துக் கொல்லைப் பக்கம் போனார். "ரெண்டு சிப்பம் வேற... ஆமா, சிவப்பு... அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீங்களே கொண்டாங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. 'சிவப்பு' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். பிரித்த நூல்கள் தரையில் கிடந்தன. அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அன்று இரவு என் கணவர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை சாச்சா தன் காரிலேயே இரண்டு சிப்பம் கொண்டுவந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். "ஏத்துன ஆளுங்க மாத்திட்டானுவ சம்பந்தியம்மா. பக்கத்துல வேற லாட்டு கிடந்துச்சு" என்றார். நான் தலையாட்டினேன். தவறிப்போய் ஏற்றியது என்றால் இரண்டும் எப்படிச் சரியாக அடியிலேயே போய்ச் சேர்ந்தன என்று கேட்கவில்லை. சரக்கு மாதிரியைப் போல இல்லை என்றால் சட்டத்துக்கு அதுவே போதும். விற்றவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அது பார்ப்பதில்லை. எனக்கோ அதுதான் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு நாளில் என் மகள் அவர்கள் வீட்டில் இருப்பாள்.

புதிய சிப்பங்களில் வெள்ளை நூல். சாச்சா தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "பிரிச்சுப் பாக்குறதுன்னா பாத்துக்குங்க" என்றார். அந்தக் குரலில் அழைப்பும் இருந்தது, தடையும் இருந்தது. கதவோரம் நின்ற என் கணவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

நான் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன்.

இரண்டு சிப்பத்தின் நூலையும் வெட்டி உருவினேன். அலமாரியிலிருந்த புட்டியைக் கொண்டுவந்து, மாதிரியை ஒரு கையிலும் சிப்பத்து அரிசியை இன்னொரு கையிலும் வைத்து அவரிடமே நீட்டினேன். "நீங்களே சொல்லுங்கண்ணே."

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். தேநீரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "இனிமே ஆலையிலேர்ந்து நம்ம கடைக்கு வர்ற லோடையும் நீங்களே வந்து பாத்துக் குடுத்துட்டீங்கன்னா நல்லது" என்றார். என் கணவர் அளவுக்கு மீறிச் சத்தமாகச் சிரித்தார். சாச்சாவும் சிரித்தார். தேநீரில் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.

விருந்தன்று மாஸ்டர் முதல் தேக்சாவின் மூடியைத் திறக்கும்போது நான் பந்தலின் ஒரு ஓரம் நின்றேன். எதிர் ஓரத்தில் சாச்சாவும் வந்து நிற்பதைக் கண்டேன். அவர் பார்வையும் மூடி மேல்தான் இருந்தது. ஆவி அடங்கியதும் மாஸ்டர் கரண்டியால் புரட்டினார். பூப்பூவாக உதிர்ந்தது. சாச்சா மூச்சு விட்டதை அத்தனை தூரத்திலிருந்தும் என்னால் பார்க்க முடிந்தது. தவறிப்போய் ஏற்றியவர் விட்ட மூச்சா, மாட்டிக்கொள்ளாமல் தப்பியவர் விட்ட மூச்சா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அதன் பிறகு மகள் போன் செய்யும்போதெல்லாம், அவளை யாரும் ஜாடையாகப் பேசுகிறார்களா என்று சுற்றி வளைத்துக் கேட்பேன். அப்படி எதுவும் இல்லை என்பாள். ஒரு நாள் வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "சோறு நல்லா இருக்கா? சாச்சா கடை அரிசிதானே?" என்றேன்.

"இல்லம்மா. இங்க அரிசி கீழவாசல்ல ஒரு செட்டியார் கடையிலேர்ந்து வருது."

"ஏன்? சொந்தக் கடை இருக்கும்போது?"

"நானும் கேட்டேன். சொந்தத்துல வாங்கினா நல்லா இல்லன்னு திருப்பிக் குடுக்க முடியாதாம். மாமாதான் சொன்னாங்க."

"சாச்சாவுக்குத் தெரியுமா அது?"

"அவங்களும் பக்கத்துலதாம்மா உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்கதான் முதல்ல சிரிச்சாங்க."